நெடுந்தீவில் படகை மறிக்கும் மருத்துவ நிலையம்

நெடுந்தீவில் ஊரவர் தாங்களே நடத்தும் மருத்துவ நிலையத்தைப் பார்க்கக் கடந்த மாதம் ஒரு புதன்கிழமை போனேன். அன்றிரவே கொழும்புப் பேருந்தில் இடம் பதிந்திருந்தேன். அது என் தவறு.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை 6.40 பேருந்து. குறிகட்டுவான் இறங்குதுறை முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம்; ஒன்றேகால் மணி நேரம். மடத்துவெளியில் சாரதி பத்து நிமிடம் நிதானமாகத் தேநீர் குடித்தார். நான் நிதானமாக இல்லை. பிறகு படகில் ஒரு மணி நேரம்.

தீவில் அரச ஆஸ்பத்திரி உண்டு. வீட்டிலிருந்து அதற்கும், தேவையானால் யாழ்ப்பாணத்துக்கும் நோயாளியைச் சேர்ப்பது ஊரவரின் வேலை. மூன்று பெண்கள், ஒரு சைக்கிள், ஒரு இரத்த அழுத்தக் கருவி என்று நிலையம் தொடங்கியது. இன்று இரண்டு அறை, இரண்டு தாதியர், இழுவைப் பெட்டியில் மெத்தை போட்ட லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். நிர்வாக சபையை நோயாளிகளே தெரிவு செய்கிறார்கள். ஆகவே முறையிடுபவரும் விசாரிப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. வாசற் பலகையில் வெளிநாட்டு நன்கொடையாளர் பெயர்கள். நிலையத்தின் பெயர் மிஞ்சிய இடத்தில்.

கடைசிப் படகு மூன்று மணிக்கு. 3.10 ஆகியும் அசையவில்லை. படகோட்டியிடம் கேட்டேன்.

“அண்ணை, வெளிக்கிடேல்லையோ?”

“கிளினிக்கில மறிச்சிருக்கினம். வருத்தக்காரர் ஒராள் வாறார்.”

“எனக்குக் கொழும்பு பஸ் இருக்கு.”

“அவசரமெண்டா நீந்திப் போங்கோ.”

படகு முழுவதும் சிரித்தது. கட்டடம் வருவதற்கு முன்பே, நிலையத்தைத் தொடங்கிய அந்த மூன்று பெண்கள் படகுக்காரரிடம் வாங்கிய வாக்கு இது: நிலையம் ‘போகலாம்’ என்று சொல்லாமல் கடைசிப் படகின் கயிறு அவிழாது. அதை விட்டால் அடுத்த படகு மறுநாள் காலைதான்.

3.35க்கு லான்ட்மாஸ்டர் வந்தது. மெத்தையில் செல்லையா என்ற விவசாயி, வியர்த்து, கண் செருகிக் கிடந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. தாதி நிர்மலா அவருடைய மனைவியை விசாரித்தபடியே ஏறினார்.

“இஞ்ச தந்த குளிசையையும் போட்டவர், கனடாவில மகள் அனுப்பினதையும் போட்டவர். ரெண்டும் சீனி வருத்தத்துக்குத்தானே,” என்றார் மனைவி.

“பார்சலில வாற குளிசையை என்னட்டைக் காட்டச் சொன்னனான் எல்லோ?”

“காட்டினா நீர் பறிச்சுப்போடுவீர் எண்டவர்.”

இரட்டிப்பு மாத்திரையால், இரத்தத்தில் சீனி ஏற்ற ஏற்றத் திரும்ப இறங்குகிறது. விடியும்வரை தீவில் வைத்திருந்தால் எழும்புவாரோ தெரியாது என்றார் நிர்மலா. குளுக்கோஸ் பையைத் தூக்கிப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. கடிகாரம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவன் நான் ஒருவனே.

நடுக்கடலில் செல்லையா கண் திறந்தார். “அந்தக் குளிசையை எறிஞ்சுபோடாதையுங்கோ. ஆறு மாதத்துக்குக் கிடக்கு.”

“ஓம் ஐயா. சீனி வருத்தம் உள்ள மீனாப் பாத்துக் குடுப்பம்,” என்றார் நிர்மலா.

4.40க்குக் குறிகட்டுவானில் அம்புலன்ஸ் காத்திருந்தது. செல்லையா எழுந்து நடக்க முயன்று மனைவியிடம் திட்டு வாங்கினார். அந்தத் திட்டைக் கேட்டபிறகே நிர்மலா சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். அன்றே ஊர் திரும்பும் திட்டம் வேண்டாம். கடைசிப் படகு நேரத்துக்குப் புறப்பட்டால் தீவில் எல்லோரும் சுகம் என்று பொருள். புறப்படாவிட்டால், மெத்தைக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருங்கள்.