மரியாதையால் பொய்த்துப்போன அட்டைகள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் படிக்க வாய்க்காதவன் நான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, தேர்வெழுதி எழுத்தரானவன். எழுபதுகளின் பிற்பகுதியில் தில்லி ஆஸ்பத்திரி ஒன்று நடத்திய புகைப்பழக்க ஆராய்ச்சியில் ஓராண்டுக் காலம் பணி செய்தேன். அதில் நான் இழைத்த பிழையை வேறு எவரும் எழுதப்போவதில்லை. ஆதலால் நானே எழுதுகிறேன்.

ஆராய்ச்சியின் கேள்வி எளியது. புகைப்பவரிடம் டாக்டர் ஒருமுறை விட்டுவிடும்படி சொன்னால் போதுமா? அல்லது அவருடைய ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவர் பதினைந்து நாளுக்கொரு முறை வீட்டுக்கே போய் ஊக்கம் சொன்னால் கூடுதல் பயன் உண்டா? கரோல் பாக்கில் குடியிருந்த தமிழர்களின் வீடுகளுக்குப் போக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆராய்ச்சியை நடத்திய பெண் டாக்டர் தில்லியிலேயே பிறந்த தமிழர்.

"சார், இங்க உங்களுக்கு எல்லாரும் மரியாதை குடுக்கறாங்க. நீங்க சொன்னா ஜல்தியா கேப்பாங்க," என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. நேற்று எத்தனை புகைத்தீர் என்று கேட்டு, சொன்ன எண்ணைக் குறிக்க வேண்டும். நானோ ஐம்பதைக் கடந்தவன். அவர்களோ பெரும்பாலும் என்னிலும் இளையவர்கள். பெரியவர் தலை தெரிந்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பது நம்மவர் வழக்கம். அந்த வழக்கம் அட்டை வரையிலும் வரும் என்று எனக்கும் தோன்றவில்லை, படித்த டாக்டருக்கும் தோன்றவில்லை.

ஜனவரிக் குளிரில் கணக்கர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னல்கள் அத்தனையும் திறந்து கிடந்தன.

"வாங்க அண்ணாச்சி! சிகரெட்டா? சேச்சே, இப்ப அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கதில்ல."

"ஜன்னலைச் சாத்துமய்யா, எலும்பு நடுங்குது."

"காத்து நல்லதுல்லா அண்ணாச்சி."

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி, "ஆமா, நீங்க படியேறுத சத்தம் கேட்டாத்தான் இந்த வீட்டுக்கு நல்ல காத்து வரும்," என்றார். கணவர் முறைத்தார். நான் சிரித்துக்கொண்டே அட்டையில் சுழியம் போட்டேன். அந்த அம்மையார் உண்மையை என் கையிலேயே கொடுத்திருந்தார். அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்ட என் மூடத்தனத்தை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அட்டை வைத்திருந்தவர்களில் என் தம்பியும் ஒருவன். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறையில் மனைவியுடன் குடியிருந்தான். அவனது இடது காலின் சிறுவிரல் கறுத்து வந்தது. புகையால் ரத்தக் குழாய்கள் சுருங்கும் நோய். பழக்கத்தை விடாவிட்டால் காலையே எடுக்க நேரிடும் என்று அவனுக்கு வைத்தியம் செய்த வேறொரு டாக்டர் சொல்லியிருந்தார். அவரும் என் அட்டையைத்தான் பார்ப்பார்.

"எத்தனைடா?"

"விட்டுட்டேன்ண்ணே." தரையைப் பார்த்துச் சொல்வான்.

சுழியம். அடுத்த முறையும் சுழியம். புகையை நிறுத்தியும் விரல் தேறவில்லையே என்று வைத்தியர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். கறுப்பு அடுத்த விரலுக்கும் பரவியது.

ஆண்டு முடிவில் டாக்டர் எல்லோரையும் அழைத்து ஒரு பையில் ஊதச் செய்தார். புகைத்தவர் மூச்சை அந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். நான் சுழியம் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அகப்பட்டார்கள். தம்பியும் அகப்பட்டான்.

"சார், உங்க கார்டு எதையும் சேத்துக்க முடியாது," என்றார் டாக்டர்.

"அப்படியானால் வேறு ஆளை அனுப்புங்கள், அம்மா. இளையவனாக, ஊர் பேர் தெரியாதவனாக அனுப்புங்கள். அவனிடம் உண்மையைச் சொல்வார்கள்."

"ஆரம்பிச்ச முறையை மாத்தக்கூடாது சார். ரூல்ஸ்."

"எதனால் பொய்த்தது என்றாவது எழுதுவீர்களா?"

"'பதிவுகள் நம்பகமாக இல்லை'ன்னு ஒரு வரி வரும்."

ஒரு வரி! பொய் எங்கே பிறந்தது என்று தெரிந்த பிறகும் அதைச் சொல்லாத ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன்? இன்னோர் ஊரில் இன்னொரு பெரியவரை அனுப்பி இதே சுழியங்களை வாங்கிக்கொள்வார்கள். எவ்வளவோ வாதாடினேன். "அச்சா சார், பாக்கலாம்," என்றார். பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் சட்டைப்பையிலிருந்த பெட்டியை எடுத்து, அவன் முன்னால் வைத்தேன்.

"என் எதிரிலேயே பத்த வைடா."

"அண்ணே, செருப்பால அடிங்க. இத மட்டும் சொல்லாதீங்க."

"கால் போனாலும் பரவாயில்லையா?"

தம்பி மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "பெரியத்தான் கேக்காஹல்லா? கட்டை வச்சு நடக்க வெக்கமில்ல, வாயத் தொறக்கத்தான் வெக்கமாக்கும்!"

அவன் பற்றவைக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்துகொண்டான். சுவரிடம் சொல்வதுபோல், "பதினாறு," என்றான்.

ஓராண்டில் என் காதில் விழுந்த முதல் உண்மை எண் அதுதான். அன்றே வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். அதன்பின் மாலைதோறும் அவன் வீட்டுக்குப் போவேன்; அவன் சுவரைப் பார்த்துக்கொள்வான்; நான் கேட்பேன். பதினான்கு என்றான். மறுபடியும் பதினாறு என்றான். ஒரு மாலை நான் கோபத்தில் கத்திவிட்டேன். மறுநாள் மீண்டும் சுழியம் என்று பொய் சொன்னான். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கோடை முடிவதற்குள் உண்மையாகவே நின்றது. கால் தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை. முதல் சுழியத்தை நான் நம்பாமலிருந்தால் அவையும் தப்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த எண்களைத் தனித்தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, ஏற்க இடமில்லை என்று திருப்பித் தந்தார்கள்.

புகைப்பழக்கத்தைப் பற்றி இனி ஆராய்பவர் எவரேனும் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கும்படியாக, இந்தக் கணக்கைத் தங்கள் நூலகத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.