கடதாசி அங்கியும் கத்தரிக்கோலும்

பலெர்மோவில் என் முதல் வேலை, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் நாலாம் மாடியில் தனியே இருந்த ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்வது. கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இத்தாலிய மொழியில் நூறு சொல் தெரிந்திருந்தால் அதிகம்.

குளிர்காலத்தில் அவர் கம்பளிச் சட்டைக்கு மேல் தேன்நிற ஜப்பானிய அங்கி ஒன்றைப் போட்டுக்கொள்வார். அதைத் தோய்க்கவென்று நான் எடுத்தபோது ஓடிவந்து பறித்தார். "கார்த்தா!" என்றார். கடதாசி. நான் நம்பவில்லை. மரப்பட்டைத் தாளைக் கசக்கிக் கசக்கித் துணிபோல மென்மையாக்கித் தைத்ததாம். கமிகோ என்று பெயர். இளவயதில் ஜப்பானியத் துறைமுகம் ஒன்றில் வாங்கியிருக்கிறார்.

ஒரு பெப்ரவரிக் காலை கோப்பியோடு போனேன். அங்கியோடு நாற்காலியில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அம்புலன்சில் நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் தாதி கத்தரிக்கோலை எடுத்தாள். இடுப்பு முடிச்சை இழுத்தாலே அங்கி முழுவதும் திறந்துவிடும். அதைச் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை.

"நோ, நோ! கார்த்தா, கார்த்தா!" என்று கத்தினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். விசா, அடையாள அட்டை என்று நினைத்திருக்க வேண்டும்; பத்திரத்துக்கும் அங்கே கார்த்தா என்றுதான் சொல்வார்கள். "உன் பத்திரங்களைப் பிறகு பார்க்கலாம்" என்றபடி கையிலிருந்து தோள்வரை ஒரே வெட்டு. அவரால் பேச முடியவில்லை. கண்கள் மட்டும் என் மேலேயே இருந்தன.

நடைபாதைத் தொலைபேசியிலிருந்து, மனைவி வேலை செய்த வீட்டுக்கு எடுத்தேன்.

"வெட்டிப்போட்டினம். நான் பாத்துக்கொண்டு நிண்டன்."

"ஐயோ, ஆரை?"

"அந்தக் கடதாசிச் சட்டையை."

"மனுசன் எப்பிடி இருக்கிறார்?"

"உயிர் இருக்கு. கதை இல்லை."

"பிறகேன் சட்டைக்கு அழுறியள்?"



மூன்றாம் நாள், இத்தாலிய மொழி நன்றாகத் தெரிந்த ஒரு நண்பனிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போனேன். 'தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை, மன்னியுங்கள்.' கட்டிலருகே நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவருடைய இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நான் கையைப் பிடித்தேன். அவர் வந்த நாளிலிருந்தே அந்தக் கண் அப்படித்தான் வழிகிறது என்று தாதி சைகையில் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் சொன்னது அவருக்கு விளங்கியதா தெரியாது. ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.