மேரி டீச்சரின் விரல்

கண்டோன்மெண்ட் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிப்பது என் வேலை. மேரி டீச்சரின் ரத்தத்தில் இருவேறு வகை ரத்தப் புற்றுநோய் அணுக்கள் தெரிந்தன. ஒரே உடம்பில் இரண்டா? டாக்டர் நம்பவில்லை. டீச்சர் காதுபடவே என்னை அதட்டினார்.

“ரெண்டு பேர் ரத்தத்தைக் கலந்துட்டியாப்பா? இன்னொரு தரம் இப்படின்னா வேலை போயிடும்.”

மறுநாள் அவர் கண்ணெதிரே டீச்சரின் விரலில் ஊசி குத்தப் போனேன். குத்தும் இடத்தைப் பஞ்சால் மறுபடி மறுபடி துடைத்தேன்.

“பயப்படாம குத்துங்க தம்பி. உங்க மேல தப்பில்லைன்னு தெரியட்டும்” என்றார் டீச்சர்.

குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். அதே இரண்டு வகை.

“நீ சொன்னதுதான் சரி” என்று டாக்டர் முணுமுணுத்தார்.

வெளியே பெஞ்சில் டீச்சர் காத்திருந்தார். “என்ன தம்பி, வேலை தப்பிச்சுதா?”

தலையாட்டினேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். தப்பு என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியது அன்றுதான்.