முதல் கடப்பாரை

மர்பி டவுனில் அந்தச் சந்து வீடுகளை இடிக்க ஆள் வந்த அன்று, முதல் கடப்பாரையைத் தன் வீட்டுச் சுவரிலேயே போட்டவள் எல்லம்மா. சந்துப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஓட்டு வீடுகள் இருந்த இடத்திலேயே அரசுத் திட்டத்தில் மாடி வீடு கட்டித் தருவார்கள், அதுவரை தகரக் கொட்டகையில் இருந்தால் போதும் என்று வீடு வீடாகப் பேசியிருந்தாள். மசியாதவள் எதிர்வீட்டு அல்போன்சா ஒருத்திதான். எல்லம்மா தன் சுவரையே இடித்ததைப் பார்த்த பிறகு அவளும் பாத்திரங்களைக் கட்டினாள்.

தூண்கள் மட்டும் எழும்பின. அதோடு ஒப்பந்தக்காரர் கம்பி நீட்டிவிட்டார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கொட்டகைக்குள் வெயிலில் வேகிறார்கள், மழையில் கட்டில்மேல் ஏறி உட்காருகிறார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் எல்லம்மாவைத் தேடி வந்தவர்கள் இப்போது அவளைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற நேரம்தான் அவள் மூச்சு விடுகிற நேரம்.

சங்கங்களுக்குப் பயிற்சி தரும் தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருநாள் ஸ்ரீவித்யா வந்தாள். கெட்ட பெண் இல்லை. கொட்டகை ஒழுகியபோது தார்ப்பாய் கொண்டுவந்தவள் அவள்தான்.

"எல்லம்மாக்கா, ஒக்கலிபுரத்துல ஒரு சங்கம் இருக்கு. அவங்களும் திட்டத்துல சேர்ந்தா நம்ம கூட்டமைப்பு பெருசாயிடும். ரெண்டு ஏரியாவும் சேர்ந்து கேட்டா ஆபீஸ்ல வேலையை மறுபடி ஆரம்பிச்சுத்தான் ஆகணும். நீங்க பேசினா நம்புவாங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சேர்ந்தால் அவர்களும் வீட்டை இடிக்கக் கொடுக்க வேண்டும்; அதுதான் எல்லம்மாவை வாட்டியது. ஆனாலும் போனாள்.

ஒக்கலிபுரத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றுமை, உரிமை, சொந்த வீடு என்று பயிற்சியில் படித்த பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. கடப்பாரைக் கதைக்குக் கைகூடத் தட்டினார்கள். அந்தச் சங்கத்துத் தலைவி மகா எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெம்பு வந்துடுச்சுக்கா. நானும் என் வீட்டைத்தான் முதல்ல இடிக்கச் சொல்வேன். புது வீட்டுல எப்போ பால் காய்ச்சினீங்க?"

ஸ்ரீவித்யா தரையைப் பார்த்தாள். 'சீக்கிரமே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மகாவின் முகத்தைப் பார்த்தாள், சொல்ல மனசு வரவில்லை.

"இன்னும் காய்ச்சலம்மா. தகரக் கொட்டாயிலதான் கிடக்கறோம். வூட்டை இடிக்க வுடாதீங்க."

கூட்டம் கலைந்தது. ஸ்ரீவித்யா கோபித்துக்கொள்ளவில்லை, பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். "இனிமே நம்ம ஃபைலை யாரும் தொட மாட்டாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

கொட்டகை வாசலில் அல்போன்சா காத்திருந்தாள். "இன்னா, சேர்றாங்களா?"

"இல்லக்கா. நம்ம நெலமையை உள்ளபடி சொல்லிட்டேன். வேணான்னுட்டாங்க."

அந்தத் தூண்களின் மேல் இனித் தளம் வராது என்பது அல்போன்சாவுக்குப் புரிந்துவிட்டது. கத்துவாள் என்று எல்லம்மா நின்றாள். கத்தித் தீர்த்தால் தேவலை என்றிருந்தது.

"நல்லதுதான் பண்ண," என்றாள் அல்போன்சா. "அன்னிக்கு எங்ககிட்ட வந்து இப்படிச் சொல்லத்தான்டி ஒருத்தியும் இல்ல."