ரெண்டரை அடி வழி

பூட்டு ரிப்பேர் கொளஞ்சியப்பனுக்குக் கடை என்று தனியாகக் கிடையாது. அவர் உட்கார்ந்து கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான் கடை. சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது. முப்பது வருஷமாகக் கடலூர் புதுப்பாளையத்து வீட்டிலிருந்து பாலம் தாண்டித் திருப்பாப்புலியூர் போய்த் தொழில் பார்க்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மினி லாரி இடித்து வண்டியைக் கவிழ்த்தது. தோள்பட்டை இறங்கிப்போனது. இன்னொரு இடி வாங்கினால் கையும் போகும், பிழைப்பும் போகும். தெரு எல்லாருக்கும் பொது என்று சிதம்பரத்தில் கூட்டம் போடுகிறார்கள் எனக் கேட்டதும், பஸ்ஸில் தூக்கி ஏற்றச் சொல்லிப் போனார். பாலத்துக்குப் போகிற ரோட்டில் நடைபாதை கேட்டு அங்கே அனுப்பிரியா என்ற காலேஜ் டீச்சர் எழுதிக் கொடுத்த மனுவுக்கு இவர்தான் கடைத்தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினார். பைக் ஓட்டுகிறவன் ஏறாமலிருக்க நடைபாதை முனையில் இரும்புக் கம்பம் வேண்டும் என்று சேர்த்ததும் இவரே.

ஒருவழியாக வேலை தொடங்கியது. கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு விடலாம் என்று இன்ஜினியர் கேட்டார். அனுப்பிரியா டேப்போடு குனிந்தார். கொளஞ்சியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வண்டியை எனக்கு அளந்து காட்டுவதா?

"ரெண்டரை அடி போதும் சார். ஜாஸ்தி வுட்டா பைக்கு பூந்துடும்."

முப்பது வருஷத்துக் கணக்கு வாயில் வந்துவிட்டது. லாரி கவிழ்த்த பிறகு, இனி சாயக்கூடாதென்று வெல்டிங் பட்டறையில் அச்சை நாலு அங்குலம் நீட்டி வைத்தது நினைவுக்கு வரவில்லை.

திறப்பு விழாவன்று வண்டி இரண்டு கம்பங்களுக்கு இடையே இடித்து நின்றது. நாலு பேர் அவரோடு சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் தூக்க யார் வருவார்கள்?

ஒரு கம்பத்தை மட்டும் பிடுங்கச் சொல்லி இன்ஜினியர் ஆபீஸுக்கு நாலு தடவை போனார். இவர் சொன்ன அளவு, இவர் போட்ட கையெழுத்து என்று காகிதத்தைக் காட்டினார்கள். அச்சைப் பழையபடி குறைத்துவிடு என்றாள் மனைவி அமிர்தம். குறைத்தால், நடைபாதை முடிந்து பாலம் ஏறுகிற இடத்தில் கவிழ வேண்டியதுதான்.

பைக் ஓட்டுகிறவர்கள் மட்டும் ஒரே வாரத்தில் ஹேண்டிலை ஒடித்து ஒருக்களித்து நுழையக் கற்றுக்கொண்டார்கள்.

நேற்று காலை இவர் ரோட்டில் போகும்போது டீக்கடை சபாபதி பால் கேனோடு நடைபாதை மேல் பைக்கில் வந்தார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

"இன்னா மச்சான், உனுக்குன்னு போட்ட பாதைய வுட்டுட்டு ரோட்டுல போற?"

"நீ போய்யா. உனுக்கு வழி வுட்டதே நான்தான்."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. முன்பென்றால் ஓரத்து மண்ணில் இறங்கிக்கொள்வார். இப்போது இடது பக்கம் முக்கால் அடி உயரத்துக்கு நடைபாதையின் சிமெண்டு விளிம்புதான் இருந்தது. அதில் சக்கரம் உரச உரச, கையை நிறுத்தாமல் சுற்றினார்.