ஏழு மாடி ஹோட்டல்

லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவர் மொட்டைமாடி மெஷின் ரூமில் நிற்பார், இன்னொருவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல். பதினோரு வருடம் ஜோடியாக வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு ரேடியோ என்று பெயர். ஓயாத வாய். மற்றவருக்குக் கோட்டான். ஊமைக்கோட்டான் என்று ரேடியோ வைத்த பெயர், நாளடைவில் பாதியாகத் தேய்ந்துவிட்டது.

கோட்டான் தினமும் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து கம்ப்யூட்டர் கேம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, வீடியோ பார்த்துப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டது. கேமில் வருவது ஒரு பன்னிரண்டு மாடி ஹோட்டல். விளையாடுபவர்தான் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆள் உயர வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஏறுவான், பூனையோடு ஒருத்தி ஏறுவாள். ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரை ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டால் லிஃப்டே ரணகளமாகிவிடும். மூன்று வருட வேலை. ஏழரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, ஆரஞ்சுப் பழத்தைத் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்துத் தின்றுவிட்டுக் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல். அவருடைய சந்தோஷங்கள் அவ்வளவுதான். அவையே போதும் என்றிருந்தார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் ரூமிலேயே, ரேடியோ கோட்டானின் செல்போனைப் பிடுங்கிக்கொண்டார். "உன் ஹோட்டல்ல மாடி வந்தா யாருய்யா சொல்றது? நான் சொல்றேன், ரெக்கார்டிங்குக்கு எதை அமுக்கணும்?" தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முதல் மாடி, பாத்து இறங்குங்க," என்று தொடங்கினார். நாலாவதில் இருமினார். ஏழாவது முடிந்ததும் ஆபீஸிலிருந்து அழைப்பு: எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது. "மீதியை அப்புறம் பாத்துக்கலாம்," என்று ரேடியோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்ப ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த ரேடியோ அப்படியே சாய்ந்துவிட்டார். செய்தி வந்தபோது கோட்டான் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். மீதியிருந்த இரண்டடியையும் தடவி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். சாவு வீட்டில் நாற்காலி இழுத்துப் போட்டார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"அழுதுடுங்க. உள்ளேயே வெச்சுக்கிட்டு இருக்காதீங்க," என்றாள் கோட்டானின் மனைவி.

"வரலையே. வந்தா அழ மாட்டேனா?"

பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துப்போயிருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. ஆரஞ்சு இனித்தது; இனிக்கிறது என்ற தகவல் மட்டும் வந்து சேர்ந்தது. குளத்தில் இருபது சுற்று நீந்தினார், நனைந்திருந்தார், அவ்வளவே. கேமை மட்டும் விடவில்லை. அதில் ஆசை மிச்சமிருந்தது என்று சொல்ல முடியாது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதது அது ஒன்றுதான்.

எட்டாவது மாடிக்குக் குரல் வேண்டும். மனைவி சொன்னதைக் கேட்டுத் தானே பேசிப் பதிவு செய்தார். போட்டுப் பார்த்தால் நோட்டீஸ் போர்டைப் படிப்பதுபோல் இருந்தது. அழித்தார். மறுநாள் காலை, தேநீர் ஆறுவதற்குள், மேலே இருந்த ஐந்து மாடிகளையும் கேமிலிருந்தே தூக்கிவிட்டார். பூனைக்காரியைக் கீழே இரண்டாவதுக்கு மாற்றினார். பதினோராவது மாடியில், ஒரே குடைக்குச் சண்டை போடும் இரட்டையர்களுக்கு இடமில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு வருட உழைப்பு. வலிக்கும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வலிக்கவில்லை.

பிறகு குரலைச் சுத்தம் செய்தார். மெஷின் இரைச்சலை எடுத்தார், இருமலை வெட்டினார். ரேடியோவின் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடக் கூடாது என்று தோன்றியது. சனிக்கிழமை மதியம் லேப்டாப்போடு போனார். அந்த அம்மாள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னண்ணா இது, 'இறங்குங்க'ங்கறாரு! வீட்ல என்னை ஒரு நாள் 'ங்க' போட்டுக் கூப்பிட்டிருப்பாரா?" என்று சிரித்தாள். பிறகு விரல் நின்றது. "இது அவர்தான். ஆனா குளிப்பாட்டி விட்ட மாதிரி இருக்கு."

சுத்தம் செய்ததைக் கோட்டான் சொன்னார். சுத்தம் செய்யாததைப் போடச் சொன்னாள். இரைச்சல், இருமல், எல்லாம் வந்தது. ஆறாவது மாடியில் ரேடியோ, "யோவ், சிரிக்காதய்யா," என்று அதட்ட, பின்னால் யாரோ மூச்சுமுட்டச் சிரித்தார்கள்.

"அது யாருண்ணா?"

கோட்டான் இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். மூன்றாவது தடவைதான் சொன்னார். "நான்தான்மா."

"நீங்க இப்படியெல்லாம் சிரிப்பீங்களா?"

"சிரிச்சிருக்கேன் போல."

அவருக்கும் அது யாரோ வேற்றாள் குரலாகத்தான் பட்டது. நல்ல சிரிப்பு என்று நினைத்தார். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

அவள் கேமை விளையாடிப் பார்க்கிறேன் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் புகார் சொல்லும் கிழவர் ஒருவர் ஐந்தாவது மாடியில் இருப்பார். அவரிடம் நான்கு தடவை தோற்றாள். "இந்த மனுஷனை எங்கயாவது இறக்கிவிட்டுத் தொலைங்கண்ணா!" என்று மேஜையைத் தட்டினாள். கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "போடுங்க. ஆனா எதையும் வெட்டாதீங்க. அந்த இருமல் இல்லாட்டி அது யாரோ."

வெட்டாமல்தான் கேமை இணையத்தில் வெளியிட்டார். முதல் மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் விளையாடினார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'வேலையே இல்லாமல் ஆறாவது மாடிக்குப் போய்ப் போய் வருகிறேன். யார் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.' கோட்டான் அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலை."

"சரி, தெரியறப்ப சொல்லுங்க," என்று அவள் துணி மடிக்கப் போனாள்.

அடுத்த கடிதம் புகார். வாத்தியக்காரன் மூன்றாவது மாடியில் கதவுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறானாம். உள்ளேயும் வர மாட்டேன் என்கிறான், வெளியேயும் போக மாட்டேன் என்கிறான். கோட்டான் லேப்டாப்பை இழுத்துக்கொண்டார். கதவு மூடும் வேகத்தில்தான் கோளாறு. கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. சரிசெய்து, வாத்தியக்காரனை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு நீச்சலுக்குக் கிளம்பினார்.