வெளிக்கிடுறவரிட்ட கேக்கக்கூடாத கேள்வி

இங்கிலிஷ் படிப்பிக்கிறது எண்டா மற்றவையின்ர வாயைத் திறக்கப் பண்ணுற வேலை. அதுக்கு எங்கட வாயை மூடுறதுதான் பெரிய பாடு. வெண்கட்டித் தூசி குடிச்ச ஆசிரியர்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருகோணமலையில, துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடி அறையில, பின்னேரம் நாலு மணிக்கு வளந்த ஆக்களுக்கு வகுப்பு வைக்கிறனான்.

பூட்டு

போன வருசம் ஒரு சட்டம் போட்டன். வகுப்புக்குள்ள தமிழ் கதைக்கக்கூடாது. நல்ல முறை எண்டு எங்கயோ வாசிச்சனான். ஒரு கிழமை ஒருத்தரும் மூச்சு விடேல்ல. சந்தைக்கடை மாதிரிக் கிடந்த வகுப்பு செத்த வீடாப் போச்சு.

ஜெசிந்தாவைப் பாக்கத்தான் எனக்குக் கவலை. உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில எட்டு வருசமாய்த் துணி தோய்க்கிறவ. சவர்க்காரத் தண்ணியில கை ரெண்டும் புண். இனித் தண்ணியில கை வைக்கக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அங்க வேற வேலை எண்டா வரவேற்பு மேசை மட்டுந்தான். அடுத்த மாச முடிவில அதுக்கு நேர்முகம். போன முறை போய் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி வந்தவ. இந்த முறையும் அப்பிடியெண்டா வேலையை விடவேணும்.

கிண்ணியாவில ஓட்டோ ஓடுற மஜீத் நானாதான் கடைசியில சொன்னார்: "மிஸ், வாயைப் பூட்டிப்போட்டுக் கதையுங்கோ எண்டா எப்பிடி? முதல்ல தமிழில ஆளோட ஆள் கதைச்சுப் பாப்பம், பிறகு இங்கிலிஷில சொல்லுறம்."

ஓம் மிஸ்

அப்பிடியே விட்டன், வகுப்புக்கு உயிர் வந்தது. எண்டாலும் "விளங்கிச்சோ?" எண்டு கேட்டா இருபது பேரும் "ஓம் மிஸ்" எண்டுவினம். நானும் சந்தோசத்தோட அடுத்த பாடத்துக்குப் போவன். ஒருநாள் ஜெசிந்தாவின்ர கொப்பியை வாங்கிப் பாத்தா, மூண்டு கிழமையாய் அவவுக்கு ஒண்டுமே விளங்கேல்ல. எனக்குக் கோவம் வந்தது. ஏன் அப்ப ஓம் எண்டனீங்கள் எண்டு கேட்டன்.

"நீங்கள் தொண்டை நோகக் கத்திக் களைச்சுப் போறீங்கள். இல்லை எண்டா உங்கட மனம் நோகுமெல்லோ மிஸ்" எண்டா.

அண்டையிலயிருந்து முதல் பாடமே "எனக்கு விளங்கேல்ல, இன்னொருக்காச் சொல்லுங்கோ" எண்டதை இங்கிலிஷில சொல்லுறதுதான்.

தொப்பி

நேர்முகத்துக்கு மூண்டு நாள் இருக்கேக்க ஒத்திகை வைச்சன். என்ர மேசைதான் வரவேற்பு மேசை. மஜீத் நானா தொப்பியோட வெளிய போற விருந்தாளி. "வேர் ஆர் யூ கோயிங்?" எண்டு ஜெசிந்தா கேக்கவேணும். அட்டையில எழுதிக் குடுத்தனான். அவ அட்டையைப் பிடிச்சபடி நிண்டா. வாய் திறக்கேல்ல. "எழுதிக் கிடக்கிறதை வாசிக்கவும் ஏலாதோ?" எண்டு ஏசிப்போட்டன். அவவின்ர கண் கலங்கிப் போச்சு.

மஜீத் நானா தொப்பியைக் கழட்டிக்கொண்டு கதிரையில இருந்திட்டார். "வெளிக்கிடுற ஆளிட்ட எங்க போறீங்கள் எண்டு கேட்டாப் போற காரியம் உருப்படுமோ மிஸ்? அந்தப் பிள்ளையின்ர மனுசன் கடலுக்குப் போறவர். அதின்ர வாயில அது வருமோ?"

எனக்கு வெக்கமாப் போச்சு. நானும் இந்த ஊரில பிறந்தவள்தான். என்ர வீட்டிலயும் ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்ல. அட்டையைக் கிழிச்சுப்போட்டு, அப்ப வீட்டில என்னெண்டு கேப்பீங்கள் எண்டு ஜெசிந்தாவிட்டக் கேட்டன்.

"'தூரமோ?' எண்டு கேப்பன் மிஸ்."

அதை இங்கிலிஷில சொல்லிக் குடுத்தன். "இஸ் இட் ஃபார்?" அண்டைக்கு வகுப்பு முடியுமட்டும் படியிறங்கின ஒருத்தரையும் அவ கேளாமல் விடேல்ல.

திங்கக்கிழமை

நேர்முகம் முடிஞ்சு திங்கக்கிழமை வந்தா. கையில மருந்து பூசியிருந்தது. முகத்தைப் பாத்து ஒண்டும் பிடிபடேல்ல. இருத்தி வைச்சுக் கேட்டன்.

"நேர்முகம் வைக்க வந்த கொழும்பு மனேச்சர் அறைத் திறப்பை எடுத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி வெளிக்கிட்டார் மிஸ். 'இஸ் இட் ஃபார், சேர்?' எண்டு கேட்டனான். அவர் நிண்டிட்டார். வீட்டை விட்டு வந்து ரெண்டு வருசம், இப்பிடி ஒருத்தரும் கேக்கேல்ல எண்டார். பிறகு தன்ர வீட்டுக் கதை முழுக்கச் சொன்னார். பாதி எனக்கு விளங்கேல்ல. விளங்கேல்ல எண்டு அவருக்கே சொன்னனான். முதலாந் தேதியிலயிருந்து மேசைக்கு வரச் சொன்னவர். அது விளங்கினது, எண்டாலும் இன்னொருக்காச் சொல்லச் சொன்னனான் மிஸ்."

பன்னிரண்டு வருசமாய் "விளங்கிச்சோ?" எண்டு ஊரைக் கேட்ட என்னிட்ட இனி ஆராவது அதைக் கேட்டா, நானும் உடன "ஓம்" எண்டு சொல்லமாட்டன்.